துடிப்பான நாயை நடத்துவதும் ஊரோடு பழக்குவதும்: கடலூரிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை இன நாய்க்கு ஒன்பது மாதம் ஆனபோது, செருப்பு, கால்மிதி, தென்னந்துடைப்பம் என்று எதுவும் அதன் வாய்க்குத் தப்பவில்லை. நன்றாக ஓடவிட்டால் அடங்கிவிடும் என்று எண்ணி, மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தினமும் விடியற்காலையில் அழைத்துச் சென்று, கயிற்றைப் பிடித்தபடி நானும் மணலில் அரை மணி நேரம் ஓடினேன். இரண்டு மாதத்தில் நாயின் உடல் இறுகி, அரை மணி நேர ஓட்டம் அதற்குப் போதாமல் போனது. வீடு திரும்பிய பத்தாவது நிமிடமே அடுத்த செருப்பைத் தேடியது. ஓட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் தாங்குதிறன்தான் கூடும் என்பதும், நாய் வீட்டில் அமைதியாகப் படுக்க அதன் மூக்குக்கும் மூளைக்கும் வேலை வேண்டும், வெளியில் பார்ப்பவற்றோடு பதற்றமில்லாத பழக்கமும் வேண்டும் என்பதும் அப்போதுதான் விளங்கின. அதன் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறையை, முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

படி 1: வயதையும் உடலையும் பாருங்கள்

குட்டியாக இருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி அட்டவணையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக 6 முதல் 8 வார வயதில் தொடங்கும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகள் 3 அல்லது 4 வார இடைவெளியில் 16ஆம் வாரம் வரை தொடரும். வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாத வயதில் போடுவார்கள். கால் எலும்புகளின் முனையிலுள்ள வளர்ச்சிப் பகுதி இறுகி முடிய, பெரிய இன நாய்களுக்கு 12 முதல் 18 மாதம் ஆகும் என்பதால், அதுவரை வண்டியோடு ஓடவைப்பதும், மாடிப்படியில் ஏற்றி இறக்குவதும், உயரத்திலிருந்து குதிக்கவைப்பதும் வேண்டாம். ஒன்பது மாத நாயை நான் ஓட்டிய ஓட்டமே அதிகம் என்று மருத்துவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இனத்தின் இயல்பையும் அறிந்துகொள்ளுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். சில நிமிடப் பாய்ச்சலும் அதன்பின் நீண்ட ஓய்வும் அவற்றுக்குப் பொருந்தும். லேப்ரடாருக்குப் பந்தை எடுத்து வருவதில் சலிப்பே வராது. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கு மோப்பம் பிடித்தபடி மெதுவாகச் சுற்றிவருவதே பெரும்பாலும் மிகவும் பிடிக்கும்.

படி 2: தேவையான பொருட்கள்

கழுத்தை இறுக்காத மார்புப்பட்டை ஒன்று, இரண்டு மீட்டர் கயிறு ஒன்று, திறந்தவெளிக்கென 10 மீட்டர் கயிறு ஒன்று, தண்ணீர்ப் புட்டி, கழிவை எடுக்கப் பழைய செய்தித்தாள், சுண்டுவிரல் நகமளவு நறுக்கிய வேகவைத்த கோழிக்கறி. இவ்வளவே போதும்.

படி 3: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் ஊரில் பலர் தவறு செய்யும் இடம் இதுதான். நாய்க்குப் பாதங்களில் மட்டும் சிறிதளவு வியர்க்கும். மற்றபடி அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்தில் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது என்பதால், வெயில் ஏறாத புழுக்கமான காலை நேரத்திலும் நாய் சூடேறிவிடக்கூடும். மே மாதக் கத்திரியில் காலை ஆறே முக்காலுக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மாலையில் ஏழு மணிக்கு மேல் கிளம்புங்கள். அப்போதும் தார்ச்சாலையில் புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. இரைப்பு அடங்காமல் கூடிக்கொண்டே போவது, எச்சில் கெட்டியாவது, ஈறு கருஞ்சிவப்பாவது, நடை தள்ளாடுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே மருத்துவரிடம் விரையுங்கள். வாயில் தண்ணீரை வற்புறுத்திப் புகட்டாதீர்கள். வயிறு நிறைய உண்ட பிறகு குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஓடவிடவும் கூடாது. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

படி 4: மூக்குக்கு வழிவிட்டு நடங்கள்

நடையின் முதல் 20 நிமிடத்தை நாயிடமே விட்டுவிடுங்கள். கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, அது மின்கம்பத்தையோ வேலியோரத்தையோ முகர்ந்து முடிக்கும்வரை நின்று காத்திருங்கள். நமக்கு இது நேர விரயமாகத் தோன்றினாலும், முந்தைய இரவு அந்த வழியாக யார் போனார்கள் என்பதை நாய் மூக்கால் படித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலை அதை ஓட்டத்துக்கு நிகராகக் களைப்பாக்கும்.

கடற்கரையில் மட்டும் மூக்கின் கூடவே உங்கள் கண்ணும் போக வேண்டும். வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன்களிடையே பேத்தை மீன் கிடக்கலாம். அதன் நஞ்சு காய்ந்த பிறகும் கொல்லும் என்பதால், ‘விடு’ என்றால் வாயிலிருப்பதைப் போடும் பழக்கத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுத்த பின்னரே நாயைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். தூண்டில் முள், உடைந்த கண்ணாடி, கடல்நீர் ஆகிய மூன்றும் அடுத்த கவலைகள். உப்புநீரை நக்கிக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதால், அந்த மாதங்களில் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கவே கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

படி 5: குறுகிய ஓட்டமும் அழைப்பும்

நடை முடிந்ததும் 10 நிமிட ஓட்டம். நீண்ட கயிற்றில் கட்டி, பந்தையோ பழந்துணி முடிச்சையோ எறிந்து எடுத்துவரச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தவுடன் கறித்துண்டு கொடுத்து, உடனே மறுபடியும் ஓடவிடுங்கள். கூப்பிட்டால் ஆட்டம் முடிந்துவிடும் என்று நாய் கற்றுக்கொண்டால் பிறகு உங்கள் குரல் அதற்குக் கேட்கவே கேட்காது. துரத்தும் இன நாய்களை, ஆடும் கோழியும் மேயும் இடத்தில், எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும் அவிழ்க்க வேண்டாம்.

படி 6: ஊரோடு பழக்குங்கள்

பழக்குவது என்றால் எல்லோரிடமும் போய்த் தடவக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எதைக் கண்டாலும் பதறாமல் கடந்துபோகக் கற்பதுதான் பழக்கம். பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்கும்; தடுப்பூசிகள் முடியும் வரை வீட்டிலேயே அடைத்துவைத்தால் அந்தக் காலம் கடந்துவிடும். ஆகவே தரையில் விடாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டோ, கூடையில் வைத்தோ வெளியே காட்டுங்கள். தலைக்கவசம் போட்டவர், குடை பிடித்தவர், தடியூன்றிய தாத்தா, மொபெட்டில் கூவிக்கொண்டு போகும் மீன் வியாபாரி, மாடு, திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தின் சத்தம் என நாளுக்கு ஒன்றிரண்டு போதும்.

வளர்ந்த நாய்க்கு இதையே தொலைவிலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக, ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் சில்வர் பீச் கூட்டத்துக்குள் அழைத்துப் போகாமல், நாய் கூட்டத்தைப் பார்த்தும் கறித்துண்டை வாங்கித் தின்னுமளவு தள்ளி நில்லுங்கள். தின்ன மறுத்தால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள்; பத்தடி பின்வாங்குங்கள். நாளடைவில் அந்தத் தொலைவு தானாகக் குறையும். பாண்டியில் இருப்பவர்களுக்கு, காலை ஏழரை மணி வரை வாகனங்கள் வராத கடற்கரைச் சாலை இந்தப் பயிற்சிக்கு வாய்ப்பான இடம்.

தெருநாய்கள் எதிர்ப்பட்டால் கயிற்றை இறுக்கி இழுக்காதீர்கள், அந்த இறுக்கமே உங்கள் நாய்க்குச் சண்டைக்கான அறிகுறி. நேருக்கு நேர் போகாமல் அரைவட்டமாக விலகி நடந்து, முகர வேண்டுமென்றால் மூன்று விநாடி விட்டு, கூப்பிட்டு அழைத்துச் செல்லுங்கள். ஒரே வழியில் ஒரே நேரத்தில் தினமும் போனால் அந்தத் தெருவின் நாய்களுக்கும் நீங்கள் பழகிவிடுவீர்கள். பிறருடைய குழந்தைகள் தொட வந்தால், வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

வெடிச்சத்தம் தனிப் பாடம். சவ ஊர்வலத்து வெடி முன்னறிவிப்பின்றி வரும். தீபாவளிக்கோ இரண்டு மாதம் முன்பே தயாராகலாம். கைபேசியில் வெடியோசையைக் காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, நாய் உணவு உண்ணும்போது ஒலிக்கவிட்டு, வாரத்துக்கு ஒரு புள்ளியாக ஒலியைக் கூட்டுங்கள்.

படி 7: மழை நாட்களுக்கு

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது நாங்கள் பல நாள் வெளியே போக முடியவில்லை. தேங்காய் மட்டைகளுக்கிடையே உணவை ஒளித்துத் தேடவைத்தும், பழைய துண்டுக்குள் சுருட்டி அவிழ்க்கவைத்தும், உட்கார், படு, இரு என்ற பயிற்சிகளை ஐந்தைந்து நிமிடம் செய்தும் சமாளித்தோம். மழை விட்டதும் தேங்கிய நீரில் நடத்தவோ குடிக்கவிடவோ வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். அதற்கான தடுப்பூசியையும் மருத்துவரிடம் கேளுங்கள். வீடு திரும்பியதும் விரலிடுக்குகளைத் துடைத்து, காதிலும் கழுத்திலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

அளவு சரிதானா என்பதை நடை முடிந்த அரை மணி நேரத்தில் கண்டுகொள்ளலாம். தண்ணீர் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தால் சரி. சுற்றிச்சுற்றி வந்தால், மறுநாள் ஓட்டத்தைத் தொடாமல் மோப்ப நேரத்தை மட்டும் பத்து நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் காலையில் எழும்போது விறைத்து நடந்தாலோ நொண்டினாலோ அன்று ஓட்டமே வேண்டாம். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.