கொட்டாங்குச்சிக் கரி: வீட்டிலேயே சுட்டு, வீட்டு வாடையைப் போக்குவது எப்படி?

மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை, செருப்பு ஸ்டாண்டு பக்கம் போனால் வேறொரு வாடை. இதற்கு வாசனை ஸ்ப்ரே அடித்தால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். கரி வாடையை மூடி மறைப்பதில்லை, தன் நுண்துளைகளில் பிடித்து வைத்துக்கொள்ளும். கொட்டாங்குச்சிக் கரியில் இந்தத் துளைகள் மிகவும் நுண்ணியவை. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளுக்கே இந்தக் கரியைப் பயன்படுத்தினார்கள்.

முதலில் கொட்டாங்குச்சியைச் சேருங்கள். தேங்காய்ப் பருப்பு ஒட்டியிருந்தால் சுரண்டி, வெளிநாரையும் உரித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சுத்தியலால் சிறு துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் புகை அதிகம், கரி குறைவு. ஒரு கிலோ ஓட்டுக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே கரி கிடைக்கும்.

அடுத்தது சுடுவது. இறுக்கமான மூடியுள்ள தகர டின் வேண்டும், பெயிண்ட் டின் வேண்டாம். மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போடுங்கள், அது கட்டாயம், இல்லாவிட்டால் உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். டின்னை நிரப்பி மூடி, மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ விறகு நெருப்பில் வையுங்கள். ஓட்டை வழியாக வெள்ளைப் புகை கெட்டியாக வரும், சில நேரம் அந்தப் புகையே தீப்பற்றி எரியும், பயப்பட வேண்டாம். புகை முழுக்க நின்றதும் டின்னை இறக்கி, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துவிட்டு, மறுநாள் காலைவரை தொடாதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டதும் கரி கனன்று சாம்பலாகிவிடும். வீட்டுக்குள், குறிப்பாகக் கதவடைத்த அறையில், இந்த வேலை கூடவே கூடாது. கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். குழந்தைக்குச் சாம்பிராணி போடும்போதும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நன்றாக வெந்த கரி உடைத்தால் பளபளக்கும், உள்ளே பழுப்பு நிறம் இருக்காது. அதைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, தண்ணீரில் ஒருமுறை அலசி, மறுபடி காயவைத்துப் பருத்தித் துணிப் பையில் கட்டுங்கள். பீரோவுக்கு இரண்டு கைப்பிடி, ஷூவுக்குள் சின்ன முடிச்சு, ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணம் போதும். மாதம் ஒருமுறை வெயிலில் போட்டால் ஈரம் போகும், ஆனால் உறிஞ்சிய வாடை முழுவதும் போகாது, அதனால் சில மாதத்தில் புதுக் கரி மாற்றுங்கள்.

சரி, இதைச் சாப்பிடலாமா, பல் தேய்க்கலாமா? வேண்டாம். கரியால் பல் தேய்ப்பது நம் ஊரில் பழைய பழக்கம்தான், ஆனால் சொரசொரப்பான தூள் எனாமலைத் தேய்க்கும், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. கரிப் பற்பசைகளைப் பற்றி 2017-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பும், அவை பாதுகாப்பானவை என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது.

விஷம் குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஆக்டிவேட்டட் கார்பன். அதிக சூட்டில் நீராவி போன்றவற்றைச் செலுத்தித் துளைகளைத் திறந்த கரி அது, ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குக்கூடப் பரப்பு இருக்கும். நம் டின் கரி அதன் பக்கத்தில்கூட வராது. அந்த மருந்துக் கரியே மண்ணெண்ணெய்க்கும் ஆசிட்டுக்கும் உதவாது, மற்ற விஷங்களுக்கும் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். எனவே குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் கரியைக் கரைத்துக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள். வயிற்று உப்புசத்துக்கென்று விற்கும் கரி மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கருத்தடை மாத்திரை, இதய மாத்திரை எல்லாவற்றையும் கரி சேர்த்தே பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், பையிலிருந்து எடுத்த பழைய கரியைக் குப்பையில் போடாதீர்கள். தொழு உரத்தோடு சில வாரம் ஊறவைத்துத் தொட்டி மண்ணில் கலக்கலாம்.