எல்டன் ரிங்: மார்கிட்டை வீழ்த்துவது எப்படி

2022-இல் வந்த எல்டன் ரிங் வீடியோ கேமில் ஈஸி, ஹார்டு என்று தேர்ந்தெடுக்க எதுவும் கிடையாது. அதனால் ஸ்டார்ம்வேல் கோட்டைக்கு முன்னால் மார்கிட் என்ற பாஸ் எதிரியிடம் செமத்தியாக அடி வாங்கியதும், இது அநியாயம் என்று பலர் கேமையே மூடிவிடுகிறார்கள். அநியாயமே இல்லை. வேறு பக்கம் சுற்றி வலுவாகிவிட்டு வா என்கிறது கேம், அவ்வளவுதான்.

தெற்கே வீப்பிங் பெனின்சுலா முழுக்கத் திறந்து கிடக்கிறது, முதலில் அங்கே போங்கள். எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் ரூன்களை, உயிரளவைக் கூட்டும் விகரில் போடுங்கள். ஸ்மிதிங் ஸ்டோன் என்ற மேம்பாட்டுக் கற்களைத் தேடி ஆயுதத்தை +3 வரை ஏற்றுங்கள், ஆரம்பத்தில் லெவலைவிட இதுதான் கைகொடுக்கும்.

அப்புறம் சண்டை. மார்கிட் கோலை ஓங்கிவிட்டு அப்படியே சற்று நிறுத்துவான், பதறிப்போய் முன்கூட்டியே உருளுகிறவர்களைப் பிடிக்கத்தான் அந்தத் தாமதம், ஆகவே கையைப் பார்க்காமல் கோல் இறங்கத் தொடங்கும் கணத்தைப் பார்த்து, பின்னால் அல்ல, அவனை நோக்கியே உருளுங்கள். தள்ளி நின்று, உயிரை மீட்கும் குடுவையைக் குடிக்கப் போனால் ஒளிக்கத்தி பறந்து வரும். அவன் ஒரு தொடர் தாக்குதலை முடித்த பிறகு குடியுங்கள். கிடைத்த இடைவெளியில் ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு. பேராசைப்பட்டு மூன்றாவது அடிக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் சாகிறார்கள்.

இன்னும் கஷ்டமா? சண்டைக் களத்துக்குள் நுழையும் பனிமூட்ட வாசலுக்கு முன் தரையில் தங்க நிறக் குறி தெரியும், அதைத் தொட்டு ரோஜியர் என்ற மந்திரவாதியைத் துணைக்குக் கூப்பிடுங்கள். அது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், கேமை உருவாக்கியவர்களே வைத்த வழி அது.