வெள்ளைப் பறவையைக் கண்டால் கண்ணின் பாவையைப் பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பில், பம்புசெட் தொட்டியின் விளிம்பில், கடந்த தை மாதம் ஒரு வெள்ளைப் பறவை நின்றிருந்தது. கைப்பேசியில் படம் எடுத்து, "அல்பினோ மைனா" (உடலில் கறுப்பு நிறமியே இல்லாத மைனா) என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். மைனா என்றது சரி. அல்பினோ என்றது தவறு. அதை நானே கண்டுபிடிக்க நான்கு முறை தோப்புக்கு நடந்தேன். நீங்கள் ஒரே நடையில் முடித்துக்கொள்ளலாம்.

முதல் படி: இயல்பிலேயே வெள்ளையா?

கொக்குகளை ஒதுக்கிவிடுங்கள். மடையான்தான் புதியவர்களை ஏமாற்றும். ஏரிக்கரையில் சேற்று நிறத்தில் உட்கார்ந்திருக்கும், எழுந்து பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. அதில் விந்தை ஒன்றும் இல்லை. அரசவால் ஈப்பிடிப்பானின் வளர்ந்த ஆணும் அப்படித்தான்: வெள்ளை உடல், கறுத்த கொண்டைத் தலை, ரிப்பன் போன்ற நீண்ட வால். ஊருக்குள் திரியும் வெள்ளைப் புறா பெரும்பாலும் வளர்ப்புப் புறாவின் வாரிசு.

இரண்டாம் படி: நிறத்தை மறந்து இனத்தைப் பிடியுங்கள்

யாரோடு மேய்கிறது, எப்படி நகர்கிறது என்று பாருங்கள். மைனா நடக்கும், தவிட்டுக்குருவி தத்தும். குரலும் மாறாது. இன்னொரு துப்பும் உண்டு. கறுப்பையும் பழுப்பையும் தருவது மெலனின் என்ற நிறமி. மஞ்சளையும் சிவப்பையும் பெரும்பாலும் தருவது உணவிலிருந்து வரும் கரோட்டினாய்டு. முன்னது போனாலும் பின்னது நிற்கும். என் மைனாவுக்கு அலகும் கண்ணோரத் தோலும் மஞ்சளாகவே இருந்தன. வெளுத்துப்போன சின்னானுக்கும் (கொண்டைக்குருவி) வாலடிச் சிவப்பு அப்படியே இருக்கும்.

மூன்றாம் படி: வெளிச்சத்தைக் குறைத்துப் படம் எடுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. மாந்தோப்பின் பின்புலம் கரும்பச்சை. கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளைப் பறவை சுண்ணாம்பு உருண்டை போல வெளுத்துப் போகும். என் முதல் படத்தில் இறகின் விளிம்புகூடத் தெரியவில்லை. கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஏதோ இளஞ்சிவப்புப் புள்ளி. அதை நம்பித்தான் அல்பினோ என்றேன்.

கைப்பேசித் திரையில் பறவையின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவாக இருந்தால் எக்ஸ்போஷரை (ஒளியளவை) ஒரு படி குறையுங்கள். படம் இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை, பின்னர் வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போன இடத்தில் எதையும் மீட்க முடியாது. உச்சி வெயிலில் முயலவே வேண்டாம். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நான்காம் படி: பாவை கறுப்பா, சிவப்பா?

"கண் சிவப்பாக இருந்தால் அல்பினோ" என்பது அரைகுறை அறிவுரை. வளர்ந்த குயிலுக்கும் செம்போத்துக்கும் இயல்பிலேயே கண் சிவப்பு. பார்க்க வேண்டியது கண்ணின் நடுவில் உள்ள சிறு வட்டமான பாவையை. அல்பினோவின் உடலில் எங்குமே மெலனின் உருவாகாது. அதனால் கண்ணின் உள்ளே ஓடும் இரத்தம் தெரிந்து பாவையும் செந்நிறமாகத் தோன்றும். பார்வையும் கூசும், அப்படிப்பட்டவை காட்டில் நெடுநாள் பிழைப்பது அரிது. வளர்ந்த, நன்றாகப் பறக்கும் வெள்ளைப் பறவை என்றாலே நான் இப்போது அல்பினோவைச் சந்தேகிப்பதில்லை. என் மைனாவின் பாவை நல்ல கறுப்பு.

பாவை கறுப்பாக இருந்து இறகு வெளுத்திருந்தால் லூசிசமாக இருக்கலாம்: நிறமி தரும் செல்கள் தோலுக்குப் போய்ச் சேராத பிறவிக் குறை. அல்லது நரை. பறவைக்கும் நரை உண்டு. ஒவ்வொரு முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதும் வெள்ளை கூடிக்கொண்டே போகும். லூசிச வெள்ளை அப்படிக் கூடாது. ஒரு நாள் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். அடுத்த ஆண்டும் அதே பறவையைத் தேடிப் போக வேண்டும். "பாதி அல்பினோ" என்று மட்டும் எழுதாதீர்கள். உடலெங்கும் மெலனின் இல்லாததற்குத்தான் அந்தப் பெயர். அதில் பாதி ஏது?

கருவிகள்

எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் போதும். பத்து மடங்கு வாங்கிய நண்பரின் கை நடுங்குவதைப் பார்த்தபின் என் எண்ணம் மாறவில்லை. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. ஒன்று என் மைனாவை உண்ணிக்கொக்கு என்றது. முடிவானதும் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு (eBird) இணையதளத்தில் பதியுங்கள். கூடு இருந்தால் இடத்தை வெளியே சொல்லாதீர்கள். காட்டுப் பறவையைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பின்சேர்க்கை 1: பாலக்கோட்டிலிருந்து ஒருவர் காக்கைப் படம் அனுப்பியிருந்தார். இரு இறக்கையிலும் வெள்ளைப் பட்டை. இது பெரும்பாலும் இறகு வளரும் காலத்தில் சத்துக் குறைந்ததன் அடையாளம். நல்ல தீனி கிடைத்தால் அடுத்த முறை முளைக்கும் இறகு கறுப்பாகவே வரும்.

பின்சேர்க்கை 2: பர்கூர் சாலையோரக் கிரானைட் பட்டறையில் வெள்ளைச் சிட்டுக்குருவி இருப்பதாக இன்னொருவர் எழுதினார். நேரில் போய்ப் பார்த்தேன். உடல், கால், வால் எல்லாமே ஒரே வெள்ளை, அலகும்கூட. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒழுகும் குழாயடியில் அது குளித்து எழுந்தபோது சாதாரணப் பழுப்புக் குருவி.