"பத்துக்கு எத்தனைடா?": கால்பந்து சீசனில் லோடு கணக்கு வைப்பது எப்படி

பயிற்சி முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். குளித்துவிட்டு வந்து வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருப்பான் ஆட்டக்காரன். பக்கத்தில் போய் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? பத்துக்கு எத்தனைடா?"

அவன் சொல்லும் எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அதுதான் அன்றைய லோடு, அதாவது அவன் உடல் தாங்கிய சுமை. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கொண்டுவந்த முறை. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப் ஒன்றில் உடற்தகுதிப் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் வருடம், ஓடும் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும் கருவி வைத்த ஜி.பி.எஸ். வெஸ்ட் இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்தேன். இப்போது வெஸ்ட் இல்லாமல்கூட ஒரு வாரம் ஓட்டிவிடுவேன், இந்த எண் இல்லாமல் முடியாது.

உடனே கேட்காதீர்கள், கடைசியாக ஓடிய ஸ்ப்ரிண்ட்தான் பதில் சொல்லும். வரிசையில் நிறுத்தியும் கேட்காதீர்கள், சீனியர் சொன்னதையே ஜூனியரும் சொல்வான். எங்கள் நடுக்கள ஆட்டக்காரன் ஒருவன் எதைச் செய்தாலும் "நாலு சார்" என்பான். களைப்பு என்று சொன்னால் பதினொருவரில் இடம் போய்விடுமோ என்ற பயம். அதிக எண் சொன்னதற்காக யாரையும் உட்கார வைப்பதில்லை என்று தலைமைக் கோச்சையே எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தேன். அவன் வாயிலிருந்து முதல் "எட்டு" வர இரண்டு மாதம் ஆனது.

ஞாயிறு முதல் சனி வரை ஒரு வாரத்தைப் பாருங்கள். ஞாயிறு மேட்ச்: 90 நிமிடம், எட்டு, ஆக 720. திங்கள் லேசான மீட்புப் பயிற்சி 60, செவ்வாய் ஓய்வு. புதன் 450, வியாழன் 630, வெள்ளி 240, சனி 135. மொத்தம் 2,235. அதே வாரம் கடைசி 15 நிமிடம் மட்டும் இறங்கியவனுக்கு ஞாயிறு 60தான், மொத்தம் 1,575. இந்த 660 வித்தியாசம் நான்கு வாரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பெஞ்சிலேயே இருந்த விங்கர் ஒருவனைத் திடீரென்று முழு ஆட்டம் ஆட வைத்தோம். 70வது நிமிடத்தில் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஹேம்ஸ்ட்ரிங். தப்பு என்னுடையது, ஆடியவர்களின் கணக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஆடாதவர்களுக்கு மேட்ச் முடிந்ததும் அல்லது மறுநாள் தனிப் பயிற்சி. நாலுக்கு நாலு ஆட்டம் வைத்தால் மூச்சு வாங்கும், இதயத் துடிப்பும் ஏறும். ஆனால் சின்ன இடத்தில் முழு வேகம் வராது. அதனால் ஆறு, ஏழு நீண்ட ஸ்ப்ரிண்ட் தனியாகச் சேர்க்க வேண்டும். ஜி.பி.எஸ். உதவுவது இங்கேதான். மேட்ச்சில் ஓடிய பத்து, பதினோரு கிலோமீட்டரைவிட, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் எத்தனை மீட்டர் ஓடினான் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒருவனுக்கு எப்போதும் ஒரே கருவியைக் கொடுங்கள், கருவிக்குக் கருவி அளவு கொஞ்சம் மாறும்.

இந்த வார லோடை நான்கு வாரச் சராசரியால் வகுப்பது இன்னொரு பழக்கம். 0.8 முதல் 1.3 வரை பாதுகாப்பு, 1.5 தாண்டினால் ஆபத்து என்று ஒரு காலத்தில் வேதவாக்காகச் சொன்னார்கள். அந்தக் கணக்கிலேயே கோளாறு இருக்கிறது என்று பிறகு ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தார்கள். நான் தூக்கிப்போடவில்லை, ஆனால் அதை மட்டும் பார்த்து யாரையும் நிறுத்துவதில்லை. தேசிய அணி இடைவேளை முடிந்து திரும்புகிறவன் விஷயத்தில் மட்டும் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

காலையில் நான்கு கேள்வி: தூக்கம், களைப்பு, தசை வலி, மன அழுத்தம். சென்னையிலிருந்து குவாஹாட்டி போய் வந்த நாளில் லோடு பூஜ்யம், ஆனால் தூக்கம் பாதாளத்தில் கிடக்கும். செப்டம்பர், அக்டோபர் புழுக்கத்தில் எடையும் பாருங்கள். 70 கிலோ ஆள் ஒரே பயிற்சியில் 1.4 கிலோ இறங்கினால் உடல் எடையில் 2 சதவீதம். அன்று அவன் "எட்டு" என்றால் பாதி வெயில் சொன்ன எட்டு.

சீசன் தொடங்கும் முன்புதான் லோடு உச்சம். வாரம் இரண்டு மேட்ச் வந்தால் மேட்ச்சே பயிற்சி, இடையில் எதையும் திணிக்காதீர்கள். பிப்ரவரி தாண்டியதும் கவனம் வேண்டும்: ஆகஸ்டில் ஐந்து என்ற அதே பயிற்சியை ஏழு என்பான். கிலோமீட்டர் மாறியிருக்காது, ஆள் தேய்ந்திருப்பான்.

கோச்சிடம் எக்ஸெல் முழுவதையும் நீட்டினால் படிக்கமாட்டார். நான் இரண்டு பெயர் மட்டும் எழுதிக் கொடுப்பேன்: "இவனை இன்னைக்கு 30 நிமிஷத்துல வெளிய எடுத்துருங்க, இவன்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க." சில நாள் கேட்பார், சில நாள் கேட்கமாட்டார். கேட்காத நாளுக்கும் என் எக்ஸெல்லில் ஒரு கட்டம் உண்டு.