போர்ச் செய்திகளைப் பதறாமல் படிப்பது எப்படி?

எங்காவது ஒரு பெரிய குண்டுவீச்சு நடந்தால் போதும், மூன்றாம் உலகப்போர் வந்துவிட்டதா என்ற கேள்வி மறுபடி கிளம்பிவிடுகிறது. கேட்பவர்களைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. ஒரு அரசாவது நேரடியாக ஈடுபட்ட ஆயுத மோதல்கள் 2024இல் 61, நடந்த இடங்கள் 36 நாடுகள் என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத் திட்டம் கணக்கு வைத்திருக்கிறது. 1946 முதல் அவர்கள் வைத்திருக்கும் கணக்கில் அதுவரை இதுவே உச்சம். அதே ஆண்டில் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவழித்த தொகை சுமார் 2.7 லட்சம் கோடி டாலர்.

ஆக, பயம் சும்மா வந்ததல்ல. ஆனால் அந்தப் பயத்தை ஊதிப் பெருக்குகிற செய்திகளில் பெரும்பகுதி நடந்ததைப் பற்றியதே அல்ல. யாரோ நடந்ததாகச் சொன்னது, யாரோ நடத்தப்போவதாக மிரட்டியது, அதைக் கேட்டு இன்னொருவர் ஊகித்தது. இவற்றைப் பிரித்துப் பார்க்க வெளியுறவுத் துறையில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் பழக்கம் போதும்.

ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லா மோதல்களையும் தினமும் பின்தொடர யாராலும் முடியாது. முயன்றால் எல்லாவற்றிலும் தலைப்பு மட்டும்தான் மிஞ்சும். உங்களுக்கு ஆர்வம் உள்ள ஒன்று, எல்லோரும் கவனிக்காமல் விட்ட ஒன்று, இப்படி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்: யாருக்கும் யாருக்கும் சண்டை, ஆயுதமும் பணமும் யார் கொடுக்கிறார்கள், சண்டை நின்றால் யாருக்கு நஷ்டம்? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. ஒரு போர் ஏன் முடியாமல் இழுக்கிறது என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

சூடானை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரல் 15 அன்று ஜெனரல் புர்ஹான் தலைமையிலான ராணுவத்துக்கும் ஹெமெட்டி என்று அழைக்கப்படும் தகாலோவின் துணை ராணுவப் படைக்கும் தலைநகர் கார்ட்டூமிலேயே சண்டை வெடித்தது. இந்த இருவரும்தான் 2021 அக்டோபரில் சேர்ந்து நின்று, மக்களாட்சிக்கு மாறிக்கொண்டிருந்த அரசைக் கவிழ்த்தவர்கள். இரண்டே ஆண்டுகளில் ஒருவரை ஒருவர் அழிக்கக் கிளம்பிவிட்டார்கள். பின்னால் தங்கச் சுரங்கம் இருக்கிறது, எகிப்து ராணுவத்தின் பக்கம் சாய்கிறது, துணை ராணுவத்துக்கு ஆயுதம் தருவதாக ஐக்கிய அரபு அமீரகம் மீது குற்றச்சாட்டு இருக்கிறது, அமீரகம் அதை மறுக்கிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்து ஓடிவிட்டார்கள். உலகிலேயே மிகப்பெரிய இடப்பெயர்வு இதுதான் என்று ஐ.நா. சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஆனால் இது முதல் பக்கத்துக்கு வருவது அபூர்வம். தலைப்புச் செய்தியின் அளவை வைத்துப் போரின் அளவை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

முதல் நாள் செய்தியை ஓரமாக வையுங்கள்

2022 நவம்பர் 15. உக்ரைன் எல்லையை ஒட்டிய போலந்து கிராமமான ப்ஷெவோடுஃப் மீது ஒரு ஏவுகணை விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அன்றுதான் ரஷ்யா உக்ரைன் மீது சரமாரியாக ஏவுகணை வீசியிருந்தது. பெயர் சொல்லாத ஒரு அமெரிக்க உளவு அதிகாரியை மேற்கோள் காட்டி, ரஷ்ய ஏவுகணைகள் நேட்டோ ராணுவக் கூட்டணியைச் சேர்ந்த ஒரு நாட்டுக்குள் வந்துவிட்டதாகப் பெரிய செய்தி நிறுவனம் ஒன்று வெளியிட்டது. சில மணி நேரத்துக்கு உலகமே பதறியது. மறுநாள் போலந்தும் நேட்டோவும் சொன்னது வேறு: பெரும்பாலும் அது ரஷ்ய ஏவுகணையைத் தடுக்க உக்ரைன் ஏவிய வான்பாதுகாப்பு ஏவுகணை. அந்த நிறுவனம் செய்தியைத் திரும்பப் பெற்றது.

இங்கே யாரும் வேண்டுமென்று பொய் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரே ஒரு ஆள் சொன்னது, அவர் பெயர் இல்லை, அவர் நேரில் பார்க்கவும் இல்லை. முதல் நாள் செய்தி எப்போதும் இப்படித்தான் இருக்கும். அதனால் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது "என்ன நடந்தது" அல்ல, "யார் சொன்னது". சொன்னவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா, அப்படிச் சொல்வதால் அவருக்கு லாபம் உண்டா? இதற்கு விடை செய்திக்குள்ளேயே இல்லையென்றால் மறுநாள் வரை காத்திருங்கள். "கூறப்படுகிறது" என்று முடிகிற வாக்கியம், யார் கூறியது என்று சொல்லாவிட்டால், எனக்குக் கணக்கிலேயே வராது.

இதில் கஷ்டமான பகுதி ஒன்று உண்டு. அடுத்தவர் போரில் சந்தேகப்படுவது சுலபம், நம் பக்கம் ஜெயிப்பதாக வரும் செய்தியைச் சந்தேகப்படத்தான் மனம் இடம் கொடுக்காது. 2025 மே மாதம் இந்தியா, பாகிஸ்தான் மோதலின்போது கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கிவிட்டதாக இரவோடு இரவாகப் பல இந்தியத் தொலைக்காட்சிகள் அறிவித்தன. அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தப் பக்கம் கணினி விளையாட்டில் இருந்து எடுத்த காட்சிகள் நிஜ விமானச் சண்டையாக ஓடின. இரண்டு பக்கமும் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். செய்தியைக் கேட்டதும் உற்சாகம் பொங்கினால், அதுவே இன்னொரு முறை சரிபார்க்க வேண்டியதற்கான அறிகுறி.

எண்ணிக்கைகளுக்கும் இதே கதைதான். எதிரியின் இழப்பை ஒவ்வொரு ராணுவமும் கூட்டிச் சொல்லும், தன் இழப்பைக் குறைத்துச் சொல்லும் அல்லது சொல்லவே சொல்லாது. இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் சேர்த்துச் சொன்ன எண் இரண்டு கை மாறுவதற்குள் வெறும் இறப்பு எண்ணிக்கையாகிவிடும். எந்த எண்ணைப் பார்த்தாலும் யார் எண்ணினார்கள், எந்தத் தேதி வரை, யாரையெல்லாம் சேர்த்து என்று பாருங்கள்.

எந்தக் கோட்டைத் தாண்டினார்கள்?

அதிகமாகக் குழப்பப்படும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "சீனப் போர் விமானங்கள் தைவானுக்குள் நுழைந்தன" என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். பெரும்பாலான நேரம் அவை நுழைந்தது தைவானின் வான்பாதுகாப்பு அடையாள மண்டலத்துக்குள். அது வேறு, வான்வெளி வேறு. ஒரு நாட்டின் வான்வெளி கரையில் இருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைதான். அடையாள மண்டலம் என்பது, வருகிற விமானம் யாருடையது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு நாடு தானாகவே வரைந்துகொள்ளும் பெரிய வட்டாரம், அதற்குச் சர்வதேச ஒப்பந்தம் எதுவும் கிடையாது. தைவானுக்கு அதை 1950களில் வரைந்து கொடுத்தது அமெரிக்க ராணுவம், காகிதத்தில் அது சீனப் பெருநிலத்தின் ஒரு பகுதிக்கு மேலேயே போகிறது!

அதற்காக அந்த விமானங்கள் முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. தைவான் பாதுகாப்பு அமைச்சகம் தினமும் எண்ணிக்கை வெளியிடுகிறது, ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதைவிடச் சில மாதப் போக்கைப் பாருங்கள். முன்பு சீனாவுக்கும் தைவானுக்கும் இடையே உள்ள நீரிணையின் நடுக்கோட்டை இரு தரப்பும் பேசாமலே மதித்து வந்தன. 2022 ஆகஸ்டில் அப்போதைய அமெரிக்கக் கீழவைத் தலைவர் நான்சி பெலோசி தைவான் தலைநகர் தைபே போனதற்குப் பிறகு சீன விமானங்கள் அதைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. ஒரு நாளில் 40 விமானம் வந்தது என்பதைவிட, எழுதப்படாத ஒரு கோடு மெல்ல அழிந்துவிட்டது என்பதுதான் பெரிய செய்தி.

இதோடு போலந்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 10 அன்று ரஷ்ய ட்ரோன்கள் நுழைந்தது போலந்தின் வான்வெளிக்குள்ளேயே. நேட்டோ விமானங்கள் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின, போலந்து நேட்டோ ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. 4ஆம் பிரிவு என்றால் உட்கார்ந்து ஆலோசிக்கலாம் என்பது. எல்லோரும் பயப்படும் 5ஆம் பிரிவு, ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்பது, இதுவரை ஒரே முறைதான் பயன்பட்டிருக்கிறது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு. அதிலும் ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று தோன்றுகிற நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் இருக்கிறது, பொத்தானைத் தட்டியதும் எல்லோரும் போருக்குப் போய்விடுவார்கள் என்று இல்லை.

கடலிலும் கோடுகள் உண்டு. 12 கடல் மைல் வரை நாட்டின் கடல், 200 வரை மீன், எண்ணெய் போன்ற வளங்களுக்கான உரிமை மட்டும். பிலிப்பைன்ஸும் சீனாவும் தென்சீனக் கடலின் இரண்டாம் தாமஸ் திட்டில் மோதிக்கொள்வது பிலிப்பைன்ஸின் இந்த 200க்குள். 1999இல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த ஒரு துருப்பிடித்த போர்க்கப்பல் இன்றும் அங்கே கிடக்கிறது, அதில் வீரர்கள் காவல் இருக்கிறார்கள். 2024 ஜூனில் சீனக் கடலோரக் காவல் படையினர் கத்தி, கோடரியுடன் வந்து சண்டை போட்டார்கள், ஆனால் துப்பாக்கி வெடிக்கவில்லை. யார் வந்தார்கள், எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கவனியுங்கள். கடலோரக் காவல் படை தண்ணீர் பீய்ச்சுவதும் கடற்படை சுடுவதும் ஒன்றல்ல, இந்த இடைவெளியில்தான் இரு தரப்பும் போரில்லாமல் மல்லுக்கட்டுகிறார்கள்.

பேச்சை விடுங்கள், செலவைப் பாருங்கள்

பேசுவதற்குக் காசு செலவாகாது. அதனால் காசும் சிரமமும் ஆகிற செயல்களைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் ரஷ்யா உக்ரைன் எல்லையில் படையைக் குவித்தது, பிறகு அதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்தது. அதே ஆண்டுக் கடைசியில் மறுபடி குவித்தபோது பலர் இதுவும் மிரட்டல்தான் என்றார்கள். ஆனால் 2022 ஜனவரிக் கடைசியில் காயம்பட்டவர்களுக்கான ரத்தம் எல்லைக்குப் போயிருப்பதாக அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். ரத்தம் கெட்டுப்போகும் பொருள், பயம் காட்டுவதற்காக மட்டும் அதை யாரும் கொண்டுபோய் வைக்க மாட்டார்கள். பிப்ரவரி 14 அன்று அமெரிக்கா கீவ் தூதரகத்தை மேற்கு உக்ரைனில் உள்ள லிவிவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. பத்து நாளில் போர்.

இதற்கு எதிர்ப்புறம் 2022 பிப்ரவரி 27. புதின் அணு ஆயுதப் படைகளைச் சிறப்பு நிலையில் வைக்க உத்தரவிட்டார், தலைப்புகள் அலறின. தரையில் குறிப்பிடும்படியான மாற்றம் எதையும் காணவில்லை என்றது அமெரிக்கா, தன் தயார்நிலையையும் அது மாற்றவில்லை. உலகில் சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன, ஏறக்குறைய 90 சதவீதம் இந்த இரண்டு நாடுகளிடம், எனவே அலட்சியம் செய்ய முடியாது. இருந்தாலும் மிரட்டலை அளக்க உதவுவது சொல்லின் சூடு அல்ல, குண்டுகளும் ஏவுதளங்களும் இடம் மாறினவா என்பதே.

எனக்குப் பிடித்த இன்னொரு அளவுகோல் கப்பல் நிறுவனங்கள். அவர்களுக்கு அரசியல் கிடையாது, சரக்கும் காப்பீட்டுக் கட்டணமும்தான். 2023 நவம்பரில் ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் ஹெலிகாப்டரில் இறங்கி கேலக்ஸி லீடர் கப்பலைக் கடத்திய பிறகு, டிசம்பரிலேயே பெரிய நிறுவனங்கள் செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன, பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது. 2025 மே மாதம் அமெரிக்காவும் ஹூதிகளும் ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று ஓமான் வழியாக உடன்பட்டபோது செங்கடல் சரியாகிவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. பெரிய கப்பல்கள் திரும்பவில்லை. ஜூலையில் மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி என்ற இரண்டு கப்பல்களை ஹூதிகள் மூழ்கடித்தார்கள்.

அறிக்கைகளும் நீதிமன்றங்களும்

சுருக்கமாக. கவலை தெரிவிப்பது, கண்டிப்பது, தூதரை அழைத்து விளக்கம் கேட்பது, தன் தூதரைத் திரும்ப அழைப்பது, அவர்கள் தூதரை வெளியேற்றுவது, உறவை முறிப்பது. இது ஒரு படிக்கட்டு. எத்தனை படி தாவினார்கள் என்று பாருங்கள். தூதரை அழைத்துக் கண்டிப்பது அன்றாட விஷயம்.

போர்நிறுத்தம் என்பது சமாதானம் இல்லை. கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது, சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையில் 15 உறுப்பினர்கள், அதில் ஐந்து பேருக்கு வீட்டோ, அதாவது தனியாகவே தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், அதனால் அந்த ஐவரில் ஒருவர் சம்பந்தப்பட்ட போரில் அங்கே பெரிதாக எதுவும் நிறைவேறாது. பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் யார் எந்தப் பக்கம் என்று காட்டும்: 2022 மார்ச் 2 அன்று ரஷ்யாவுக்கு எதிராக 141 வாக்கு, ஆதரவாக 5, இந்தியா உட்பட 35 நாடுகள் எந்தப் பக்கமும் சேராமல் விலகி நின்றன. அந்த 35 பேர் பட்டியலைப் படிப்பதுதான் சுவாரசியம்.

அப்புறம் தி ஹேக் நகரில் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றம் நாடுகளை விசாரிக்கும், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை. புதினுக்கும் நெதன்யாகுவுக்கும் பிடியாணை கொடுத்தது இரண்டாவது. இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா போட்ட இனப்படுகொலை வழக்கு முதலாவதில், அங்கே 2024 ஜனவரியில் வந்தது இடைக்கால உத்தரவு, தீர்ப்பு அல்ல.

படமும் காணொளியும்

ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் அத்தனை முறை நிஜப் போராக உலவியதால், அதைத் தயாரித்த நிறுவனமே 2022இல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று குறிப்பு வெளியிட்டது. அசையும் ஆட்கள் இருக்க மாட்டார்கள், பெரும்பாலும் இருட்டில் நடக்கும், ஒலி இருக்காது, படம் மங்கலாக இருக்கும். சந்தேகம் வந்தால் காணொளியில் ஒரு காட்சியை நிறுத்திப் படமாக எடுத்து, படத்தை வைத்துத் தேடும் வசதியில் போடுங்கள். பழைய படம் என்றால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னும் ஆழமாகப் போக ஆசை இருந்தால் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கும். அதில் ஒரு பீரங்கி தெரியாது, ஆனால் எரிந்த எண்ணெய்க் கிடங்கு தெரியும். நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடம் வெப்பம் தெரியும் இடங்களைச் சில மணி நேரத்தில் காட்டும். வயலில் சருகு எரித்தாலும் அதில் சிவப்புப் புள்ளி வரும், அதனால் அதே இடத்தில் போன வருடம் இதே மாதம் என்ன இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.