லெபனான் உணவகத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: படிப்படியான வழிகாட்டி

சென்ற மாதம் நாங்கள் நால்வர் ஒரு லெபனான் உணவகத்துக்குப் போயிருந்தோம். வெளியே வந்தபோது அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அத்தானுக்கோ வயிறும் நிறையவில்லை, மனமும் நிறையவில்லை. ஒரே சமையலறை, ஒரே மேசை, ஒரே இரவு. பிறகு யோசித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அத்தான் தனக்கென்று கஃப்தா என்ற சுட்ட இறைச்சி ஒரு தட்டு மட்டும் கேட்டிருந்தார். அது கடைசியில்தான் வந்தது. அதுவரை நடுவில் இருந்த சின்னத் தட்டுகளை அவர் தொடவே இல்லை. அக்காவோ அந்தச் சின்னத் தட்டுகளிலேயே முழு விருந்தையும் முடித்திருந்தாள்.

லெபனான் உணவகங்களைப் பற்றி ஆளுக்கொரு கருத்து வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். சமையலில் உண்மையாகவே குறை இருக்கிற இடங்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் முதல் சாப்பாடே நல்ல சாப்பாடாக அமையும்.

படி 1: பிறர் சொன்னதைச் சலித்து எடுங்கள்

போகும் முன் நாலு பேரிடம் விசாரிப்பது நல்லதுதான். ஆனால் எந்தக் குறை எதைப் பற்றியது என்று பாருங்கள். "அளவு குறைவு, எல்லாம் சின்னச் சின்னத் தட்டு" என்று ஒருவர் சொன்னால், அவர் மெஸ்ஸேவைத் தனி ஆள் சாப்பாடாக நினைத்திருக்கலாம். மெஸ்ஸே என்பது பலர் பகிர்ந்து உண்ணும் சிறு உணவுகளின் வரிசை. "தபூலேயில் வெறும் இலைதான் இருந்தது" என்றால் அது குறையே அல்ல. லெபனானில் தபூலே என்பது பார்ஸ்லி இலை சாலட். உடைத்த கோதுமை அதில் கொஞ்சமாகத்தான் தூவியிருக்கும்.

"பூண்டு நெடி தாங்கவில்லை" என்பதும் அடிக்கடி காதில் விழுவது. பூண்டு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து வெண்ணெய் போல நுரைக்க அடித்த தூம் என்ற கலவை, சுட்ட கோழியோடு வரும். பார்க்க மயோனைஸ் போல இருப்பதால் பலர் கரண்டி நிறைய எடுத்து வாயில் போட்டுவிடுகிறார்கள். ரொட்டித் துண்டின் நுனியில் தொட்டுக்கொள்ளும் அளவே போதும்.

"ரொட்டி வறண்டிருந்தது", "பொரித்தவை எண்ணெய் குடித்திருந்தன", "கேட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை" என்று சொல்கிறார்களா? இவற்றை நம்புங்கள். பலர் வாயிலிருந்து இதே சொற்கள் வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

படி 2: மேசைக்கு என்று கேளுங்கள், ஆளுக்கு என்று அல்ல

நால்வர் போனால் நான் சொல்லும் கணக்கு இது: குளிர்ந்த தட்டு மூன்று, சூடான தட்டு இரண்டு, நெருப்பில் சுட்ட இறைச்சிகள் கலந்த பெரிய தட்டு ஒன்று. பசி மிச்சமிருந்தால் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். கொண்டைக்கடலை மசியலான ஹம்முஸ், சுட்ட கத்தரிக்காய் மசியலான முதப்பல் இரண்டிலும் தஹினி என்ற எள் விழுது இருக்கிறது. தஹினிச் சாறு ஊற்றிய இன்னொன்றையும் சேர்த்தால் மூன்றும் ஒரே சுவையாகத் தோன்றி நாக்கு சலித்துவிடும். ஒன்றோ இரண்டோ தஹினித் தட்டு போதும். மூன்றாவது புளிப்பாக இருக்கட்டும். தபூலே கேளுங்கள், அல்லது மொறுமொறுப்பான ரொட்டித் துண்டுகளும் புளிப்பான சுமாக் பொடியும் சேர்ந்த ஃபத்தூஷ் கேளுங்கள். சூடானவற்றில் கடலையை அரைத்து வடை போலப் பொரித்த ஃபலாஃபல் ஒன்று, இறைச்சியும் உடைத்த கோதுமையும் சேர்த்துப் பிடித்துப் பொரித்த கிப்பே ஒன்று. சுட்டவற்றில் கோழித் துண்டுகளான ஷிஷ் தாவூக்கும், கொத்திய இறைச்சியில் வெங்காயமும் பார்ஸ்லியும் பிசைந்து கம்பியில் பிடித்துச் சுடும் கஃப்தாவும் முதல்முறைக்கு ஏற்றவை.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுட்ட கத்தரிக்காயைத் தஹினியோடு மசித்தால் லெபனானில் அது முதப்பல். பாபா கனூஜ் என்று அங்கே சொல்வது பெரும்பாலும் நறுக்கிய காய்களும் மாதுளைச் சாற்றுப் பாகும் சேர்ந்த கத்தரிக்காய் சாலட். வெளிநாடுகளில் பல உணவகங்கள் முதப்பலையே பாபா கனூஜ் என்று எழுதிவைக்கின்றன. "நான் கேட்டது வரவில்லை" என்ற மனக்கசப்புக்கு இதுவே போதும். பரிமாறுபவரிடம் "இதில் தஹினி உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 3: அவசரப்படாதீர்கள்

குளிர்ந்தவை முதலில், பிறகு சூடானவை, கடைசியில் சுட்டவை என்பதே வழக்கமான வரிசை. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் உள்ள ஸாஹ்லே நகரில் பெர்தௌனி ஆற்றங்கரை உணவகங்கள் மெஸ்ஸேவுக்குப் பெயர்பெற்றவை. 2013-இல் யுனெஸ்கோ அந்த நகரை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. அங்கே மெஸ்ஸே மேசையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஊறி வந்த முறையில், இறைச்சித் தட்டு கடைசியில் வருவது தாமதம் ஆகாது. உங்களுக்கு நேரமில்லை என்றால் "எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அத்தானுக்கு அன்று தேவைப்பட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

படி 4: மூன்று தட்டுகளை உற்றுப் பாருங்கள்

சமையலறையின் தரம் இங்கேதான் தெரியும்.

முதலில் ரொட்டி. அங்கேயே சுடுகிறவர்கள் என்றால் அது பந்து போல உப்பி வரும். கிழித்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். சற்று நேரத்தில் அது விறைத்துவிடும் என்பதால் வந்த உடனே கிழித்துத் தொட்டுச் சாப்பிடுங்கள். ஆறிப்போனால் தயங்காமல் வேறு கேளுங்கள்.

அடுத்து ஹம்முஸ். லெபனானியருக்கு இது மானப் பிரச்சினை. 2010-இல் பெய்ரூட்டுக்கு அருகே சுமார் 300 சமையற்காரர்கள் கூடி 10,452 கிலோ ஹம்முஸ் செய்து உலக சாதனை படைத்தார்கள். நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்த எண். ஆகவே ஹம்முஸை வைத்து ஓர் உணவகத்தை எடைபோடுவது நியாயம்தான். ரொட்டியால் வழித்தால் நரநரவென்று இல்லாமல் வழுவழுவென்று வர வேண்டும். நடுக்குழியில் ஆலிவ் எண்ணெய் தேங்கியிருக்க வேண்டும். மேற்பரப்பு ஆடை படர்ந்தது போல வறண்டிருந்தால் நெடுநேரம் முன்பே தட்டில் வைத்துவிட்டார்கள் என்று பொருள். பல் கூசும் குளிரில் வந்தாலும் எள்ளின் மணம் எழாது.

பிறகு தபூலே. தட்டைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். பச்சைத் தண்ணீர் ஓடி வந்து ஓரத்தில் தேங்கினால், எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து வெகுநேரம் ஆகிவிட்டது. இலையின் விளிம்பு கறுத்து நசுங்கியிருந்தால் மழுங்கிய கத்தியோ இயந்திரமோ வேலை செய்திருக்கிறது. நல்ல தபூலேயில் ஒவ்வோர் இலைத் துணுக்கும் தனித்தனியாக நிற்கும்.

படி 5: உங்களுக்கு ஆகாதவற்றைச் சொல்லிவிடுங்கள்

சைவர்களுக்கு இங்கே குறைவே இல்லை, ஆனால் கவனம் வேண்டும். திராட்சை இலைச் சுருள் இறைச்சியோடும் வரும், இறைச்சி இல்லாமலும் வரும். ஹம்முஸின் மேலேயே வதக்கிய இறைச்சி போட்டுத் தரும் வகையும் உண்டு. எள், கோதுமை, பைன் கொட்டை ஒவ்வாதவர்கள் உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும். இவை எதிர்பாராத தட்டுகளிலும் இருக்கும். கிப்பே நய்யே என்பது பச்சை இறைச்சி. முதல் வருகையில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 6: குறையை அங்கேயே சொல்லுங்கள்

ஆறிப்போன ஃபலாஃபலை முழுவதும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துவதில் யாருக்கும் பயனில்லை. முதல் கடியிலேயே பரிமாறுபவரைக் கூப்பிட்டு அமைதியாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அது சுவைக்குச் சமமான விஷயம்.

படி 7: பிறரிடம் சொல்லும்போது முழுதாகச் சொல்லுங்கள்

"சுமார்தான்" என்ற சொல்லால் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. எத்தனை பேர் போனீர்கள், கூட்டம் இருந்ததா, என்னென்ன கேட்டீர்கள், எது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். "இருவர் போனோம், ரொட்டி சூடாக இருந்தது, ஹம்முஸ் அருமை, ஷிஷ் தாவூக் உலர்ந்திருந்தது" என்றால் அடுத்தவர் எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்று தெரிந்துகொண்டு போவார். உங்கள் நாக்குக்குப் பழகாத சுவையைச் சமையற்காரரின் தவறாகச் சொல்லிவிடாதீர்கள். ஒருவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்கு அத்தானை மறுபடி அழைத்துப் போனோம். இந்த முறை எல்லாத் தட்டுகளும் மேசைக்கு நடுவில். ரொட்டியைக் கிழித்து முதப்பலை அவரே முதலில் வழித்தார். கஃப்தா வந்ததும் ஒரு துண்டு தின்றுவிட்டு, "இது வறண்டிருக்கிறது" என்றார். நானும் எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், ஓரமெல்லாம் கருகி உள்ளே சாறே இல்லை. பரிமாறுபவரிடம் சொன்னோம். மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாகச் சுட்டுக் கொண்டுவந்தார். அந்தக் கம்பியில் எனக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.