சுகர் பார்க்கும் முன் கையைக் கழுவுங்கள்

குளுக்கோமீட்டரில் திடீரென்று எகிறிய அளவு வந்தால், பதறுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். முதலிலேயே கழுவிவிட்டால் ஒரு ஸ்ட்ரிப் (ரத்தத் துளி வைக்கும் சோதனைப் பட்டை) மிச்சம்.

ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் ஒரு மைக்ரோலிட்டர் அளவுதான், பலவற்றில் அதைவிடக் குறைவு. பழம் உரித்த விரலில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் சாறே அந்தத் துளியில் கலந்து அளவை ஏற்றிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்தால் அது முழுசாகப் போவதில்லை. தண்ணீரில் கரைந்துதான் போகும். ஈர விரலும் ஆகாது, ரத்தம் நீர்த்து எண் குறைந்துவிடும். வீட்டில் இருவருக்குச் சுகர் என்றால், ஒருவருக்குப் பழம் நறுக்கிக் கொடுத்த கையோடு மற்றவர் தன் விரலைக் குத்திக்கொள்வது சகஜம். 'கை கழுவியாச்சா?' என்று கேட்க ஆள் இருப்பது நல்லது. (ஊசியை மட்டும் பகிர வேண்டாம்.)

வெளியில் தண்ணீர் இல்லையா? முதல் துளியைத் துடைத்தெறிந்து இரண்டாவதில் பாருங்கள். ஆனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று தாழ்சர்க்கரைக்கான அறிகுறி இருந்தால் குழாயைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 15 கிராம் சர்க்கரை முதலில், 15 நிமிடம் கழித்துப் பரிசோதனை. கழுவிய பிறகும் அளவு இறங்கவில்லை என்றால் அது பெரும்பாலும் உண்மையான அளவு. மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள்.